பாஸ் மீனுக்கு எந்தக் கோணத்துல எறியறது, எந்தப் பக்கமா இழுக்கறது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பாசி ஓரமா நின்னு நேரா நடு ஏரிக்கு எறியறேன், ஒரு கடி கூட இல்ல. எங்க தப்பு?

பதில்: நடு ஏரியில மீன் இருந்தாதானே தம்பி! பாஸ் பாசி விளிம்புல பதுங்கி நிக்கிற மீன். நீங்க 25 மீட்டர் எறிஞ்சா, லூர் (மீனை ஏமாத்தற போலி இரை) விளிம்புல வர்றது கடைசி ஒண்ணு ரெண்டு மீட்டர்தான், மிச்சமெல்லாம் காலித் தண்ணி. விளிம்பை ஒட்டி நீளவாக்குல எறிங்க, ரீல் சுத்தற நேரம் முழுக்க லூர் மீன் வாசல்லயே வரும். கிராங்க்பெயிட்டா (இழுக்க இழுக்க தண்ணிக்குள்ள முங்கற லூர்) இருந்தா இது இன்னும் முக்கியம், ஏன்னா அது விழுந்தவுடனே ஆழத்துக்குப் போகாது, கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், உங்ககிட்ட வரும்போது திரும்ப மேல ஏறிடும், நடுவுல வர்ற தூரம்தான் உருப்படியான தூரம். அதனால மீன் இருக்கும்னு நினைக்கிற இடத்தை நல்லா தாண்டி எறியணும்.

கேள்வி: ஆத்துல எப்படி? நான் கீழ்ப்பக்கம் எறிஞ்சு ஓட்டத்துக்கு எதிரா இழுக்கறேன்.

பதில்: மாத்திப் பாருங்க. ஓடற தண்ணியில மீன் ஓட்டத்தைப் பார்த்து மூஞ்சியை வச்சு நிக்கும், மேல இருந்து எது அடிச்சுட்டு வருதுன்னு காத்துட்டு இருக்கும். நீங்க இழுக்கற லூர் அதோட வால் பக்கமா வருது, சின்ன மீன் போய் பெரிய மீனை முட்டுமா என்ன? மேல்பக்கம் எறிஞ்சு தண்ணியோட வர விடுங்க. ஆனா நேர் மேல வேண்டாம், லைன் (தூண்டில் நரம்பு) தொளதொளன்னு ஆயிடும், கடிச்சாலும் தெரியாது. கொஞ்சம் குறுக்கா, சாய்வா எறிங்க, லைன் தளர தளர சுத்திக்கிட்டே இருங்க. பெரிய பாறை இருந்தா அதுக்குப் பின்னாடி தண்ணி அமைதியா இருக்கிற இடத்தை ஒட்டி வரணும்.

கேள்வி: தண்ணிக்குள்ள ஒரு மரக்கட்டை, நாலு தடவை எறிஞ்சுட்டு விட்டுட்டேன் சார்.

பதில்: நாலும் ஒரே இடத்துல நின்னு எறிஞ்சீங்களா? அப்போ அது ஒரு தடவை எறிஞ்ச மாதிரிதான். நானும் பல நாள் இப்படித்தான் ஏமாந்தேன். முதல்ல நிழல் பக்கம், கட்டைக்கு 2, 3 மீட்டர் அந்தப் பக்கம் விழுந்து கட்டையை உரசிட்டு வரணும், மீன் தலை மேலயே தொப்புன்னு போட்டா ஓடிடும். அப்புறம் நீங்க இடம் மாறி நின்னு அடுத்த பக்கம். உங்க நிழல் தண்ணியில விழாம பார்த்துக்கோங்க.

கேள்வி: காத்து அடிச்சா?

பதில்: காத்து மோதற கரைக்குப் போங்க, சின்ன மீனெல்லாம் அங்கதான் ஒதுங்கும். எதிர்க்காத்துல பெயிட்காஸ்டர் ரீல்ல (எறியும்போது லைன் சுத்தின உருளையே சுழலற ரீல்) லைன் சிக்கிக்கும், தாழ்வா எறிங்க.

கேள்வி: கரையில நின்னு இழுத்தா கல்லுல மாட்டிட்டே இருக்கு, படகுல போறவங்களுக்கு இவ்வளவு மாட்டல.

பதில்: உங்க லூர் மேடு ஏறி வருது, வழியில இருக்கிற இடுக்குலெல்லாம் மூக்கை நுழைக்குது. படகுல இருந்து கரைக்கு எறியறவங்களுக்கு சரிவுல இறங்கி வருது, மாட்டறது கம்மி, ஆனா சும்மா இழுத்தா தரையை விட்டு மேல வந்துடும், அப்பப்போ நிறுத்தி லைன் விட்டு விழ விடணும். நீங்க கரையை ஒட்டி சாய்வா எறிங்க. மாட்டினா அதே திசையில வெட்டி இழுக்காதீங்க, இன்னும் இறுகும். லைனைத் தளர விட்டு, கரையோரமா பத்திருபது அடி தள்ளிப் போய், அங்கேர்ந்து மெதுவா சுண்டிப் பாருங்க.