அணையில் எவ்வளவு காலியிடம் வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் பஞ்சாபில் நங்கல் பக்கம் வேலை பார்க்கிறான். மே மாதத்தில் பக்ரா அணையின் நீர் வெகுவாக இறங்கிக் கிடந்ததாகவும், அங்குள்ளவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை என்றும் சொன்னான். நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணையில் அப்படி இறங்கினால் இங்கே பெரிய பேச்சாகிவிடும். அங்கு மட்டும் ஏன் இப்படி? (வாசகர், குலசேகரம்)

பதில்: நமக்கு வெயில் ஏறினால் அணை இறங்கும், பக்ரா நிற்கும் சட்லெஜ் ஆற்றில் வெயில் ஏறினால்தான் அணை ஏறும். பக்ராவுக்கு நீர் தரும் ஏறத்தாழ 57,000 சதுர கிலோமீட்டர் மலைப்பரப்பில், குளிர்காலத்தில் விழும் பனியின் பெரும்பகுதி விழுந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. அது வசந்தத்திலும் கோடையிலும் உருகி ஆற்றில் இறங்குகிறது; பின்னர் ஜூலையில் பருவமழையும் வந்து சேர்ந்துகொள்கிறது. அதனால் பக்ராவை நிர்வகிப்பவர்கள் ஆண்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: மே 21 முதல் செப்டம்பர் 20 வரை நீரைச் சேர்க்கும் காலம், மீதி எட்டு மாதங்கள் செலவிடும் காலம். உங்கள் மகன் பார்த்தது செலவுக் காலத்தின் கடைசி நாட்களாக இருக்கும். அப்போது அணை இறங்கியிருப்பது, வரப்போகும் உருகுநீருக்கு முன்கூட்டியே ஒதுக்கி வைத்த இடம் என்று கொள்ளலாம்.

கேள்வி: மலையில் எவ்வளவு பனி கிடக்கிறது என்பதை முன்பே அளந்துவிட முடியும் என்றால், பனி உருகும் ஆறுகளில் வெள்ளச் சேதம் எப்படி வருகிறது? கணக்குப் போட்டு நீரைத் திறந்துவிடலாமே? (வாசகர், திருவட்டாறு)

பதில்: அளக்க முடியும் என்பது உண்மைதான். பனியின் உயரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். புதிதாக விழுந்த பனி பத்து அங்குலம் உருகினால் சுமார் ஓர் அங்குல நீர்தான் கிடைக்கும், நாள்பட்டு இறுகிய பனியிலோ அதைவிடப் பல மடங்கு நீர் இருக்கும். எனவே குழாயைச் செருகிப் பனியை எடுத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். தரையில் பரப்பிய உணர்கருவிகளின் மூலம், அவற்றின்மேல் குவியும் பனியின் எடையை இருந்த இடத்திலிருந்தே அறிகிறார்கள். இப்படிக் கிடைக்கும் கணக்கு, மொத்தம் எவ்வளவு நீர் வரும் என்பதை ஓரளவு நம்பகமாகச் சொல்லும். அந்த நீர் மூன்று மாதங்களில் நிதானமாக வருமா, மூன்று வாரங்களில் பாய்ந்து வருமா என்பதை அது சொல்லாது. அணைக்காரருக்குத் தூக்கத்தைக் கெடுப்பது இந்த இரண்டாவது கேள்விதான்.

பனியின்மேல் மழை பெய்வது இதில் மிகவும் சிக்கலான நிலை. மழைநீரின் வெதுவெதுப்பே பனியை உருக்கிவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வரவில்லை. ஒரு கிராம் பனியை உருக்க 80 கலோரி வெப்பம் வேண்டும். ஆகவே 10 டிகிரி வெப்பமுள்ள மழை 10 மில்லிமீட்டர் பெய்தாலும், அதன் வெப்பத்தால் உருகுவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான நீரே. உண்மையில் உருக்குவது அந்த மழையோடு வரும் ஈரமான வெப்பக் காற்று: காற்றிலுள்ள நீராவி பனிப்பரப்பில் படிந்து நீராகும்போது, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 600 கலோரி வெப்பத்தை விட்டுச் செல்கிறது, அது ஏழு கிராமுக்கு மேல் பனியை உருக்கப் போதுமானது. மழைநீரும் உருகுநீரும் ஒரே நேரத்தில், அதுவும் ஏற்கெனவே நனைந்த நிலத்தின்மேல் ஓடிவரும்போது, ஏப்ரலில் போட்ட கணக்கு மே மாதத்தில் செல்லாததாகிவிடுகிறது.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் 1983-இல் நடந்ததைச் சொன்னால் இது தெளிவாகும். கிளென் கேன்யன் அணையின் நீர்த்தேக்கம் 1980-இல்தான் முதன்முறையாக முழுவதும் நிறைந்திருந்தது. பல ஆண்டுகள் காத்திருந்து நிறைத்த நீரைப் பெரிதாக இறக்க யாருக்கும் மனம் வராததில் வியப்பில்லை. 1983 வசந்தத்தின் பிற்பகுதியில் மலைகளில் எதிர்பாராத பனி விழுந்தது, அதைத் தொடர்ந்து திடீர் வெப்பமும் மழையும் வந்தன. நீர் மிக வேகமாக ஏறியதால், உபரிநீர் வெளியேறும் வழிகாலின் மதகுக் கதவுகளுக்கு மேல் நான்கு அடி உயரத்துக்கு ஒட்டுப்பலகைகளை நிறுத்தி நீரைத் தடுத்தார்கள். பிறகு அவற்றை அகற்றிவிட்டு எட்டு அடி எஃகுத் தகடுகளை வைத்தார்கள். இதற்கிடையில் வழிகால் சுரங்கங்களில் அசுர வேகத்தில் பாய்ந்த நீர் கான்கிரீட்டைப் பெயர்த்து, அடியிலிருந்த பாறையையும் குடைந்தது. ஜூலை நடுவில் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 3,708 அடியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கியது. அணையின் முழு மட்டம் 3,700 அடி. அணை தப்பியது. அவ்வளவு பெரிய அணையை ஒட்டுப்பலகை கொண்டு காக்க நேர்ந்ததற்குக் காரணம், குளிர்காலத்திலேயே போதிய இடம் காலியாக விடப்படாததுதான் என்பது என் கருத்து.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 1988 செப்டம்பர் இறுதியில், சேர்க்கும் காலம் முடிந்து பக்ரா நிறைந்திருந்த வேளையில் பெருமழை பெய்தது; பஞ்சாப் வெள்ளக்காடானது.

கேள்வி: அப்படியானால் பேச்சிப்பாறையையும் நிறைய விடாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறீர்களா? மழைக்காலத்தில் மறுகால் திறந்து தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிட்டு, மாசி மாதம் கும்பப்பூ நெல் கதிர் வாங்கும் நேரத்தில் கால்வாயின் கடைசியில் உள்ள கடைவரம்பு வயல்களுக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்னால் எங்களைப் போன்ற விவசாயிகள் என்ன செய்வது? (வாசகர், பூதப்பாண்டி)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஆனாலும் நான் காலியிடத்தின் பக்கம்தான் நிற்பேன், எப்போது, எவ்வளவு என்பதில்தான் வழக்கு. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறைக்கு நீர் தரும் மலைப்பரப்பு சுமார் 200 சதுர கிலோமீட்டர், பக்ராவினுடையதில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குதான். அந்தப் பரப்பில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்து அத்தனையும் ஓடிவந்தால் சுமார் 70 கோடி கன அடி நீர் சேரும். அணை கொள்வதோ ஏறக்குறைய 435 கோடி கன அடி. அதாவது ஒரு நாள் மழையில் ஆறில் ஒரு பங்கு நிறைந்துவிடக்கூடும். பனி ஆற்றில் நீர் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அது மலையில் கண்ணுக்குத் தெரிகிறது. நமக்குக் கிடைப்பது சில மணி நேரம் மட்டுமே. அணையின் முழு மட்டமான 48 அடி நிறையும் முன்பே உபரிநீரைத் திறப்பது இந்தக் காரணத்தால்தான். கடைசி அடி வரை பிடித்து வைத்துவிட்டு நள்ளிரவில் மொத்தமாகத் திறந்தால், திற்பரப்பு வழியாகப் பாய்ந்து மூவாற்றுமுகத்தில் பரளியாற்றோடு சேரும் வெள்ளம் குழித்துறை வரை தாழ்ந்த கரைகளை மூழ்கடித்துவிடும். 2021 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் காலியிடம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருக்க வேண்டிய தேவை இல்லை. வடகிழக்குப் பருவமழை தீவிரமாக உள்ள ஐப்பசி, கார்த்திகையில் அதிக இடம் விட்டு, மார்கழியில் மழை ஓயும் அறிகுறி தெரிந்ததும் படிப்படியாக மட்டத்தை உயர்த்தி நிறைத்துக்கொள்ள வேண்டும். மாதவாரியாக இவ்வாறு எல்லை வகுக்கும் முறை, 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு நம் அண்டை மாநிலத்தில் பெரிதும் பேசப்பட்டது. அந்த மட்டங்களை விவசாயிகளுக்கு முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்துவிட்டால் சந்தேகத்தில் பாதி குறையும். கடைவரம்புக்கு நீர் எட்டாமைக்கு அணையின் மட்டம் ஒன்றே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. தோவாளை சானலிலும் அனந்தனார் சானலிலும் தூர் மண்டியிருந்தால், அணை நிறைந்திருந்தும் வயல் காயும்.

கேள்வி: மலையில் கிடக்கும் பனியைப்போல, முன்கூட்டியே அளந்துகொள்ளக்கூடிய ஏதாவது ஓர் அடையாளம் நம் அணைகளுக்கு இல்லையா? (வாசகர், குழித்துறை)

பதில்: ஒன்று இருக்கிறது: காட்டு மண்ணின் ஈரம். ஜூன் தொடக்கத்தில் பெய்யும் முதல் மழையில் பெரும்பகுதியைக் கோடையில் காய்ந்த மண் குடித்துவிடும். அணையில் அது அரை அடிகூடக் காட்டாமல் போகலாம். அதே அளவு மழை, ஏற்கெனவே பல நாட்கள் நனைந்துகிடக்கும் நவம்பர் காட்டில் பெய்தால், கிட்டத்தட்ட முழுவதும் ஓடிவந்துவிடும். ஆகவே மழைமானியை மட்டும் பார்த்து மதகைத் திறக்க முடிவு செய்வதைவிட, முந்தைய பத்துப் பதினைந்து நாட்களின் மழையையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்வது நல்லது. இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் சிற்றாறு அணைகளிலும் அன்றாடம் குறிக்கப்படும் மழையளவே போதும்.