தரகர் இல்லாமல் வீட்டை விற்பது: விளம்பரத்துக்கு முன்னும் பேரம் படிந்த பின்னும் செய்ய வேண்டியவை

கேள்வி: நானும் என் அக்காவும் கூட்டாக உரிமை கொண்ட வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறோம். வீட்டின் பேரில் வாங்கிய வங்கிக் கடனில் ஒரு பகுதி இன்னும் நிலுவையில் இருக்கிறது. அக்கா வெளியூரில் வசிக்கிறார். தரகுக் கட்டணத்தை மிச்சப்படுத்த நாங்களே நேரடியாக விற்க விரும்புகிறோம். விலையை எப்படி முடிவு செய்வது, வாங்க வருபவர் நம்பத்தக்கவரா என்று எப்படி அறிவது, முன்பணம், கடன் அடைப்பு, பத்திரப்பதிவு ஆகியவற்றை எந்த வரிசையில் செய்வது என்று விளக்குவீர்களா?

பதில்: தரகர் இல்லாமல் வீட்டை விற்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் சட்டத் தடை ஏதும் இல்லை. ஆனால் தரகர் இல்லாவிட்டாலும் அவர் பார்த்துவந்த வேலைகள் இருக்கத்தான் செய்யும். சந்தை விலையைக் கணித்துச் சொல்வது, ஆள் கொண்டுவருவது, வெறுமனே பார்த்துவிட்டுப் போக வருபவர்களை வடிகட்டுவது, பேரத்தில் இரு தரப்புக்கும் நடுவே நிற்பது ஆகிய நான்கும் இனி உங்கள் பொறுப்பாகின்றன. இவற்றுள் ஆள் கிடைப்பாரா என்பதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரையில், நேரடி விற்பனைகள் ஆள் கிடைக்காமல் நின்றுபோவதைவிட, பேரம் படிந்த பிறகு பத்திரப்பதிவுக்கு முன்னால் முறிந்துபோவதே அதிகம். ஆகவே அந்த இடைவெளிக்கே இந்தப் பதிலில் கூடுதல் இடம் தருகிறேன்.

முதலில், இதனால் உண்மையிலேயே லாபம் உண்டா என்பதைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் தரகர் வழியாக விற்ற வீடுகளையும், உரிமையாளர்களே ஓர் இணையதளத்தில் விளம்பரம் செய்து விற்ற வீடுகளையும் ஒப்பிட்டு இகல் ஹென்டல், அவிவ் நெவோ, பிரான்சுவா ஒர்த்தாலோ-மன்யே ஆகிய பொருளியலாளர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தரகர் வழியாக விற்றவர்களுக்குக் கூடுதல் விலை கிடைத்துவிடவில்லை. நேரடியாக விற்க முயன்றவர்களுக்கோ காலம் அதிகம் பிடித்தது, விற்காமலே போகும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது என்பது அதன் முடிவு. அந்த இணையதளம் அந்நகரில் பலருக்கும் அறிமுகமானது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். குறிப்பிட்ட தேதிக்குள் பணம் கைக்கு வந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி உங்களுக்கு இருந்தால், தரகுக் கட்டணத்தை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். அப்படி இல்லையென்றால் தாராளமாக முயலலாம். ஆனால் மிச்சமாகும் தொகை முழுவதும் உங்கள் பைக்கு வரும் என்று எண்ணாதீர்கள். நடுவில் தரகர் இல்லை என்பது தெரிந்தவுடனே, அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லித்தான் வாங்குபவரும் பேரத்தைத் தொடங்குவார். சொத்து வழக்கறிஞருக்கும் மதிப்பீட்டாளருக்கும் தர வேண்டிய கட்டணமும் அதிலிருந்தே போகும். அந்த இரண்டையும் குறைக்கப் பார்ப்பது தவறான சிக்கனம்.

விளம்பரம் செய்வதற்கு முன்பே ஆவணங்களைத் தயார்படுத்திவிட வேண்டும். உங்கள் உரிமையைக் காட்டும் பத்திரங்கள், அதற்கு முந்தைய உரிமைத் தொடர்ச்சி, வில்லங்கம் உண்டா இல்லையா என்பதைக் காட்டும் பதிவு, ஒப்புதல் பெற்ற கட்டட வரைபடம், வரி மற்றும் கட்டண ரசீதுகள் ஆகியவற்றை வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்து, வாங்குபவரின் வழக்கறிஞர் பார்க்கும் கண்ணோடு பார்க்கச் சொல்லுங்கள். பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள ஆவணத்தில் வேறு எழுத்து. வரைபடத்தில் இல்லாத ஓர் அறை மாடியில். அளவில் சில அடி வேறுபாடு என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் வெளிப்படும். ஆள் வருவதற்கு முன் தெரிந்தால் அது வெறும் திருத்த வேலை. பேரம் படிந்த பிறகு தெரிந்தால், விலையைக் குறைக்க எதிர்த் தரப்புக்குக் கிடைத்த பிடி.

அக்காவின் சம்மதம் வாய்ச்சொல்லாக இருப்பது போதாது. கூட்டு உரிமையாளர் இருவரும் கையெழுத்திட்டால்தான் முழு வீட்டையும் விற்க முடியும் என்பதால், எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது, செலவை எப்படிப் பகிர்வது, யார் பேசுவது ஆகிய மூன்றையும் இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் பதிவுக்கு நேரில் வருவாரா, தன் சார்பில் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் எழுதித் தருவாரா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அதிகாரப் பத்திரம் என்றால் அது உங்கள் ஊர்ச் சட்டப்படி செல்லுபடியாகும் வடிவில் இருக்கிறதா என்று வழக்கறிஞர் பார்த்துச் சொல்ல வேண்டும். வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி அதை ஏற்குமா என்பதும் தனிக் கேள்வி.

அடுத்தது விலை. இணையத்தில் தெரிபவை பெரும்பாலும் உரிமையாளர்கள் கேட்கும் விலைகளே. அவற்றை வைத்து விலை வைப்பவர் மற்றவர்களின் ஆசையை நகலெடுக்கிறார். அண்மையில் உண்மையாகவே கைமாறிய வீடுகளின் விலையை, பதிவு விவரங்கள் கிடைக்கும் இடங்களில் அங்கிருந்தும், இல்லாத இடங்களில் மதிப்பீட்டாளரிடமிருந்தும் பெறுங்கள். அந்த வீடுகளுக்கும் உங்கள் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது பரப்பு, கட்டடத்தின் வயது, வண்டி நிறுத்தும் வசதி, வீடு எத்தனையாவது தளம் என்பவற்றைக் கூட்டிக் கழித்தால் ஒரு வீச்சு கிடைக்கும். தனி வீடாக இருந்தால் நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்துக் கணக்கிடுவது நல்லது. நிலத்தின் மதிப்பு உயரும் ஊரிலும் கட்டடம் ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டேதான் வரும்.

நீங்கள் கொடுத்த விலையும் நீங்கள் செய்த செலவும் சந்தைக்குத் தெரியாது. பாஸ்டன் நகர அடுக்குமாடி வீடுகளைப் பற்றி டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டபர் மேயர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், வாங்கிய விலைக்கும் கீழே விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், அந்த இழப்பில் 25 முதல் 35 சதவீதம் வரை தாங்கள் கேட்கும் விலையில் ஏற்றி வைத்தார்கள் என்று கண்டார்கள். அப்படிப்பட்ட வீடுகள் விற்கக் காலம் பிடித்ததும் அதில் தெரிந்தது. சமையலறையைப் புதுப்பிக்கச் செய்த செலவு முழுவதையும் விலையில் ஏற்றுவதும் இதே மனப்போக்குதான்.

விலை வைக்கும்போதே வங்கியையும் நினைவில் வையுங்கள். வாங்குபவர் கடன் எடுத்தால், வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். நீங்கள் பேசிய விலை, அவர் சொல்லும் மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதை வைத்தே பெரும்பாலும் கடன் தரும். எடுத்துக்காட்டாக, நூறு பங்கு விலைக்குப் பேசி முடித்தீர்கள். வங்கி மதிப்பில் 80 சதவீதம் கடன் தரும். வாங்குபவர் கையில் 20 பங்கு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். வங்கியின் மதிப்பீடு 92 என்று வந்தால் கடன் 73.6 பங்குதான். மீதி 6.4 பங்குக்கு அவர் எங்கே போவார்? கடனை நம்பி வருபவரோடு பேசிய ஒப்பந்தங்கள் சத்தமில்லாமல் கலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே நியாயமான மதிப்பீட்டைவிட வெகு உயரத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டால், மகிழ்ச்சி அடைவதற்கு முன் அந்த வித்தியாசத்தை அவர் எதிலிருந்து தருவார் என்று கேளுங்கள்.

விளம்பரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில், சாமான்களை ஒதுக்கி வைத்து எடுத்த படங்கள், அளவோடு கூடிய தள வரைபடம், விலை, ‘உரிமையாளரே விற்கிறார்’ என்ற குறிப்பு ஆகியவை போதும். விளம்பரம் வந்தவுடன் தரகர்களும் அழைப்பார்கள். வாங்குபவரிடம் மட்டும் கட்டணம் பெற்றுக்கொள்வேன் என்று சொல்பவரை விரட்ட வேண்டியதில்லை. ஆனால் எதிலும் கையெழுத்திடாதீர்கள். முன்பு ஏதேனும் தரகரோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் அதை எடுத்துப் படியுங்கள், ஏனெனில் அவர் அறிமுகப்படுத்திய ஆளுக்குப் பிற்பாடு நேரடியாக விற்றாலும் கட்டணம் உண்டு என்ற விதி அதில் இருக்கலாம்.

வீட்டைக் காட்டுவதற்கு முன் தொலைபேசியிலேயே சிலவற்றைக் கேட்டுவிடலாம்: யாருக்காக வாங்குகிறார்கள், சொந்தப் பணமா கடனா, கடனென்றால் வங்கியின் முன்னொப்புதல் இருக்கிறதா, இப்போதிருக்கும் வீட்டை விற்றால்தான் இதை வாங்க முடியுமா, முடிவெடுப்பவர் யார். உண்மையாக வாங்க நினைப்பவர் இவற்றுக்குச் சலிக்காமல் பதில் சொல்வார். பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்ட பிறகே நேரம் கொடுங்கள். காட்டும்போது இருவராக இருங்கள்.

தெரிந்த குறைகளை மறைக்க வேண்டாம். ஒரே ஒரு சுவரில் மட்டும் புதிய பெயின்ட் இருந்தால், அனுபவமுள்ள பொறியாளர் முதலில் ஈரமானியை வைப்பது அங்கேதான். தெரிந்தே மறைத்த ஒழுகலுக்காகவோ விரிசலுக்காகவோ விற்ற பிறகு இழப்பீடு கேட்டு வழக்கு வர முடியும். குறைகளை எழுதிக் கொடுத்து, வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார் என்பதை ஒப்பந்தத்திலும் சேர்த்துவிட்டால் அந்தக் கவலை பெருமளவு குறையும்.

பேரத்தில் உரிமையாளர்கள் செய்யும் பொதுவான பிழை அதிகம் பேசுவது. எதற்காக விற்கிறீர்கள், எப்போது காலி செய்வீர்கள் என்ற சாதாரண விசாரிப்புக்குச் சொல்லும் விடையிலேயே உங்கள் அவசரம் தெரிந்துவிடும். தரகர் இருந்தால், ‘உரிமையாளரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்ற ஒற்றை வரியில் ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். உங்களுக்கு அந்த வசதியை அக்கா தருகிறார். விலை எதுவானாலும் நின்ற இடத்தில் ஒப்புக்கொள்ளாமல், ‘அக்காவோடு கலந்துவிட்டு நாளை எழுதி அனுப்புகிறேன்’ என்று சொல்லுங்கள். முதலில் வந்த விலைக்கே தலையசைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் 2008இல் வெளியிட்ட சிகாகோ வட்டார ஆய்வின்படி, தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, பிறர் வீடுகளைவிட சராசரியாக 9.5 நாள் கூடுதலாகச் சந்தையில் வைத்திருந்து, சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றார்கள். காத்திருந்து கிடைக்கும் கூடுதல் தொகையில் தரகருக்கு வருவது சிறு துணுக்கு. வீட்டுக்காரருக்கு வருவது கிட்டத்தட்ட முழுவதும்.

விலை படிந்தபின் வாய்ப்பேச்சோடு விடாமல் வழக்கறிஞரைக் கொண்டு விற்பனை ஒப்பந்தம் எழுதுங்கள். விலை, முன்பணம், பதிவுக்கான கெடு, பதிவுச் செலவு யாருடையது, எந்தெந்தப் பொருள்கள் வீட்டோடு போகும் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அலமாரி, குளிர்சாதனம், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்காகக் கடைசி வாரத்தில் எழும் சச்சரவு, அவற்றின் விலைக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரிதாவது உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது முறிவு பற்றிய பகுதி. ‘இன்ன தேதிக்குள் வங்கி கடன் தர மறுத்து, அதற்கான கடிதத்தை வாங்குபவர் காட்டினால் முன்பணம் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும், வேறு காரணத்தால் அவர் விலகினால் இவ்வளவு பிடித்தம், விற்பவர் விலகினால் இவ்வளவு இழப்பீடு’ என்று தேதியோடும் தொகையோடும் எழுதப்பட்டிருக்க வேண்டும். முன்பணத்தை வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்கிலோ எஸ்க்ரோ என்னும் மூன்றாம் தரப்புக் கணக்கிலோ வைக்கும் வசதி உங்கள் ஊரில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். முறிவு வந்தால் திருப்பித் தர வேண்டிய பணத்தை நீங்கள் முன்பே செலவழித்துவிடும் ஆபத்து அதில் இல்லை.

இனி உங்கள் வங்கிக் கடன். குறிப்பிட்ட தேதியில் அடைத்தால் எவ்வளவு, முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் உண்டா, அடைத்த எத்தனை நாளில் மூலப் பத்திரங்களையும் தடையில்லாச் சான்றையும் தருவார்கள் என்பதை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். கையில் பணம் இருந்தால் முன்பே அடைத்துவிட்டு விற்பது எளிது. இல்லையென்றால் வாங்குபவரின் பணம் நேராக உங்கள் வங்கிக்குப் போகும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். நூறு பங்கு விலையில் உங்கள் கடன் 30, முன்பணம் 10, வாங்குபவர் கைப்பணமாகத் தருவது மேலும் 20, அவருடைய வங்கி தருவது 70 என்று வைத்துக்கொண்டால், அந்த வங்கி பதிவு நாளில் 30 பங்கை உங்கள் கடன் கணக்கிலும் 40 பங்கை உங்கள் இருவர் பேரிலும் செலுத்தும். முன்பணத்தையும் கைப்பணத்தையும் சேர்த்து உங்களுக்கு வருவது 70. பங்கு சமமென்றால் ஆளுக்கு 35. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, இரு வங்கிகளிடமும் வாங்குபவரிடமும் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றுவிடுங்கள். முழுப் பணமும் வருவதற்கு முன் சாவியைத் தராதீர்கள், மராமத்து வேலை தொடங்கத்தான் கேட்கிறார்கள் என்றாலும்கூட. உள்ளே வந்தவரை வெளியேற்றுவது தனி வழக்காகிவிடும்.

மோசடிகளில் இரண்டைக் குறிப்பிடுகிறேன். பேசியதைவிடக் கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பி, ‘தவறுதலாகப் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று கேட்பது ஒன்று. நீங்கள் அனுப்பிய பிறகு அந்தக் காசோலை திரும்பி வரும். கணக்கில் தொகை தெரிவதும் காசோலை தீர்வாவதும் வேறு வேறு. மற்றொன்று, ஆவண நகல்களை வாங்கிச் சென்று உங்கள் பெயரில் போலி விற்பனைக்கோ அடமானத்துக்கோ பயன்படுத்துவது. நகல் தர நேர்ந்தால், யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்பதைப் பக்கத்தின் குறுக்கே எழுதிக் கொடுங்கள். மூலப் பத்திரத்தைப் பார்க்க விரும்புபவர் உங்கள் வழக்கறிஞரின் அலுவலகத்தில் பார்க்கட்டும்.

விற்ற லாபத்துக்கான வரி நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் பங்குக்கும் அக்காவின் பங்குக்கும் கணக்கு தனித்தனியாக வரக்கூடும் என்பதால், விலை பேசுவதற்கு முன்பே தணிக்கையாளரைப் பாருங்கள். வாங்கிய செலவு, மேம்படுத்திய செலவு ஆகியவற்றின் ரசீதுகளை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். ஒப்படைக்கும் நாளில் மின்சாரம், தண்ணீர் மீட்டர்களின் அளவைப் படமெடுத்து இரு தரப்பும் கையெழுத்திட்ட குறிப்பில் சேருங்கள். இணைப்புகளைப் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டையும் வாங்கி வையுங்கள். வீட்டுக் காப்பீட்டை மட்டும், உரிமை சட்டப்படி மாறும் நாள் வரை நிறுத்தக் கூடாது.