ஹாலோவீன் மாலைக்கு எந்தப் பாட்டு?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில் வசிக்கிறோம். எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் அக்டோபர் 31 அன்று மாலை 6 மணி முதல் 8.30 வரை, பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் விருந்து நடக்கவிருக்கிறது. சமையலையும் அலங்காரத்தையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாட்டுக்கான பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. நான்கு வயதுக் குழந்தை முதல் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் வரை வருவார்கள், பெரியவர்களும் இருப்பார்கள். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் பட்டியல்களைக் கேட்டுப் பார்த்தேன். சில வெறும் கூச்சலாக இருக்கின்றன. சில எனக்கே நடுக்கம் தருகின்றன. எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது, எந்த வரிசையில் வைப்பது? தமிழ்ப் பாட்டு ஒன்றிரண்டு சேர்த்தால் பொருந்துமா?

— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் கேட்ட ஆயத்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை தலைப்பில் பேய், இரத்தம், நிலவு, கல்லறை என்று ஏதாவது ஒரு சொல் இருந்தால் போதும் என்ற கணக்கில் சேர்க்கப்பட்டவை. பாட்டில் பயம் எங்கே இருக்கிறது என்பதை அவற்றைத் தொகுத்தவர்கள் பார்ப்பதில்லை. சில பாடல்களில் பயம் சொற்களில் இருக்கிறது. அவை கொலையையோ சாவையோ விவரிக்கின்றன. வேறு சிலவற்றில் பயம் ஓசையில் மட்டும் இருக்கிறது. சொற்களோ விளையாட்டாகவும் கேலியாகவும் இருக்கின்றன, அல்லது சொற்களே இல்லை. நான்கு வயதுப் பிள்ளையும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரே கூடத்தில் நிற்கும் மாலைக்கு இரண்டாம் வகையை மட்டுமே எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. அங்கேயே பிறந்து வளரும் குழந்தைகளைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலப் பாட்டில் நம்முடைய காதில் மெட்டு மட்டும் விழும் இடத்தில், அவர்கள் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுகிறது. 'நல்ல தாளமாக இருக்கிறதே' என்று நீங்கள் சேர்க்கும் பாட்டு எதைப் பற்றியது என்பது உங்கள் மகனுக்கு உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

அச்சுறுத்தும் ஓசையும் சிரிக்கவைக்கும் சொல்லும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு பாபி பிக்கெட் பாடிய 'மான்ஸ்டர் மாஷ்' முதல் எடுத்துக்காட்டு. திகில் பட நடிகர் போரிஸ் கார்லாஃபின் குரலைப் போலப் பேசிக்காட்டுவதில் வல்லவராக இருந்த பிக்கெட், அந்தக் குரலிலேயே ஒரு விஞ்ஞானியின் கதையைச் சொல்கிறார்: ஆய்வுக்கூடத்தில் அவர் உருவாக்கிய பூதம் எழுந்து நின்று நடனமாடத் தொடங்குகிறது, பேய்கள் எல்லாம் விருந்துக்கு வந்து சேருகின்றன. சவப்பெட்டி திறக்கும் ஓசைக்காகத் துருப்பிடித்த ஆணியைப் பலகையிலிருந்து பிடுங்கினார்கள். கொப்பரை கொதிக்கும் ஓசைக்காகத் தண்ணீருக்குள் குழாய் வைத்து ஊதினார்கள். 1962 அக்டோபரில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த இந்தப் பாட்டை அந்த ஆண்டு பிபிசி ஒலிபரப்ப மறுத்தது என்பதை இன்று கேட்டால் உங்கள் விருந்தினர்கள் நம்பமாட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் சிரிக்கும் பாட்டு அது.

அடுத்தது, யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர்: மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்'. 1982-இல் வெளிவந்த அதே பெயருள்ள இசைத்தொகுப்பில் உள்ள இந்தப் பாட்டை எழுதியவர் ராட் டெம்பர்டன். கதவு கிரீச்சிடுவது, காலடி, ஓநாயின் ஊளை என்று தொடங்கி, கடைசியில் திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸின் பேச்சும் நீண்ட சிரிப்பும் வருகின்றன. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1983 டிசம்பரில் வெளியான காணொளி ஏறத்தாழ 14 நிமிடம் ஓடுகிறது. அதில் இடையிடையே உரையாடலும் அலறலும் உண்டு. அந்த ஒலியைத் தவறிப்போய்ப் பட்டியலில் போட்டுவிட்டால், ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நடுவில் ஒன்றும் புரியாமல் நிற்பார்கள். ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான இசைத்தொகுப்பு வடிவத்தையே எடுங்கள்.

1984-ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காக ரே பார்க்கர் ஜூனியர் பாடிய 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' பாட்டையும் விடாதீர்கள். பாடகர் கேள்வி கேட்க, கூட்டம் படத்தின் பெயரையே பதிலாகக் கத்தும்படி அமைந்த பாட்டு அது. கூடத்தில் பாதிப் பேர் வெட்கப்பட்டுச் சுவரோரம் ஒதுங்கி நிற்கும் நேரத்தில் அவர்களை உள்ளே இழுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

சின்னக் குழந்தைகளுக்கு எலும்புக்கூடு என்றால் தனிப் பிரியம். ஆண்ட்ரூ கோல்ட் 1996-இல் வெளியிட்ட 'ஸ்பூக்கி ஸ்கேரி ஸ்கெலிட்டன்ஸ்' பாட்டைப் பள்ளிகளிலேயே கேட்டு அவர்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். எலும்புகள் மோதிக்கொள்வதுபோல் அதில் கேட்கும் டகடக ஓசை, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலோஃபோனுடையது. எலும்புக்குச் சைலோஃபோன் என்ற இந்த வழக்கம் நூறாண்டுக்கும் முற்பட்டது. பிரெஞ்சு இசையமைப்பாளர் காமில் சேன்-சான்ஸ் 1874-இல் இயற்றிய 'டான்ஸ் மகாப்ர்' என்னும் வாத்திய இசையில், நள்ளிரவில் கல்லறையிலிருந்து எழுந்து ஆடும் எலும்புக்கூடுகளுக்கு அவர் கொடுத்த வாத்தியம் அதுதான். அதன் தொடக்கத்தை ஒருமுறை தனியாக உட்கார்ந்து கேளுங்கள். யாழ் ஒரே சுரத்தைப் பன்னிரண்டு முறை மீட்டுகிறது, மணி பன்னிரண்டு. பிறகு மரணம் வயலினை எடுத்துச் சுருதி பார்க்கிறது. வயலினின் மேல் தந்தியை வழக்கத்தைவிட அரைச் சுரம் இறக்கி வைக்கும்படி சேன்-சான்ஸ் எழுதியிருப்பதால், இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலிக்கும்போது கோணலான ஓர் இடைவெளி பிறக்கிறது. கர்நாடக இசை கற்றவர்களுக்குச் சொல்வதானால், சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தொலைவு அது. கல்யாணியில் அதே சுரத்தில் நாம் கண்மூடி உருகுகிறோம். மேற்கத்திய இசையிலோ, இரண்டையும் ஒருசேர அழுத்தி, அடுத்து எங்கே போகும் என்று சொல்லாமல் நிறுத்திவிட்டால், கேட்பவருக்கு இருப்புக்கொள்ளாமல் போகிறது. திகில் இசையின் பாதிக் கைவேலை இந்த ஒரே இடைவெளியில் அடங்கியிருக்கிறது. ஏறத்தாழ ஏழு நிமிடம் நீளும் இந்த இசையை, விருந்தினர்கள் வந்து சேரும் முதல் கால்மணிக்குள் வையுங்கள்.

அதே வேளைக்கு நார்வே நாட்டு எட்வர்ட் கிரீக் எழுதிய 'மலையரசனின் மண்டபத்தில்' என்ற இரண்டரை நிமிட இசையையும் சேர்க்கலாம். இப்சனின் 'பேர் கிந்த்' நாடகத்துக்காக எழுதப்பட்டு 1876-இல் மேடையேறிய இசை அது. ஒரே சிறு மெட்டு அடித்தொண்டையில் முணுமுணுப்பதுபோல் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் வேகமும் சத்தமும் கூடி, கடைசியில் வெடிக்கிறது. குழந்தைகளை ஒரு வரிசையாக நிறுத்தி, இசை மெதுவாக இருக்கும்வரை பூனைநடை, வேகம் எடுத்ததும் ஓட்டம் என்று விதி வைத்தால் அதுவே ஒரு விளையாட்டாகிவிடும். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் பெயரில் வழங்கும் டி மைனர் டொக்காட்டா ஆர்கன் இசையைத் தொடங்கிய நொடியிலேயே எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். தேவாலயத்து வாத்தியத்தில் வாசிக்கப்படும் அந்த இசையைப் பேய்க்கு உரியதாக ஆக்கியது திகில் படங்கள்தான். 1931-இல் வந்த 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்திலேயே அது ஒலித்தது. அதில் முதல் மூன்று நிமிடம் போதும். பின்னால் வரும், ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று தொடர்ந்து எடுக்கும் ஃபியூக் பகுதி அருமையானது என்றாலும், முகமூடி போட்டுக்கொண்டு மிட்டாய்க்குக் காத்திருக்கும் கூட்டத்துக்கு அது உகந்ததன்று.

ஜான் கார்ப்பெண்டர் தாம் இயக்கிய 1978-ஆம் ஆண்டு 'ஹாலோவீன்' படத்துக்குத் தாமே அமைத்த பியானோ இசை, பெரிய பிள்ளைகளுக்கு ஏற்றது. மேற்கத்திய மெல்லிசை பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில் நடக்க, இது ஐந்து எண்ணிக்கையில் நடக்கிறது. கேட்பவர் கால் வைக்கப்போகும் இடத்தில் படி இல்லை என்ற உணர்வு அதனால்தான் வருகிறது. மிருதங்கம் கற்கும் பிள்ளை யாராவது இருந்தால், கண்ட நடை என்று தொடையில் தாளம் போட்டு அந்தப் பயத்தையெல்லாம் கலைத்துவிடக்கூடும். சொற்கள் இல்லாததால் என் விதிக்கு இது உட்பட்டதே. ஆனாலும் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது கொலைகாரனை நினைவூட்டும். ஆகவே சின்னக் குழந்தைகள் வீட்டுக்குப் புறப்பட்ட பிறகு மட்டும் ஒருமுறை போடுங்கள்.

இனி விலக்க வேண்டியவை. 1960-இல் வந்த 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சிக்காக பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய வயலின் கீறல் பல பட்டியல்களில் இருக்கிறது. திரையில் அதற்கு ஈடு கிடையாது. கூடத்தில், யாரோ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடும்போது, அது வெறும் தொல்லை. ஹங்கேரிய இசையமைப்பாளர் ரெஜோ செரஸின் இசையில் 1933-இல் வெளிவந்த 'குளூமி சண்டே' பாட்டையும் சிலர் 'சபிக்கப்பட்ட பாட்டு' என்று கதை கட்டிச் சேர்க்கிறார்கள். அது துக்கத்தில் இருப்பவர் உயிரை விட நினைக்கும் பாட்டு; பேய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விருந்துக்கு வரும் பதின்வயதுப் பிள்ளைகளில் யார் எந்த மனநிலையில் வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியாதபோது, அதை வேடிக்கைப் பொருளாக்குவது முறையன்று. 'ராக்கி ஹாரர்' நாடகத்தின் 'டைம் வார்ப்' பாட்டு நடன அசைவுகளைத் தானே சொல்லிக்கொடுப்பதால் கூட்டம் ஆடும். ஆனால் அதில் இடுப்பை அசைக்கச் சொல்லும் ஓரிடம் வருகிறது. பக்கத்தில் பாட்டிமார் உட்கார்ந்திருப்பார்களா என்று பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் 1956-இல் பாடிய 'ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ' உண்மையில் ஒரு காதல் பாட்டு. அதை உறுமியும் அலறியும் பாடியதோடு நில்லாமல், மேடையில் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து பாடியவர் அவர். அந்த அலறல் சின்னக் குழந்தைகளை அழவைக்கும். 1965-இல் நீனா சிமோன் பாடிய வடிவத்தில் அதே பாட்டு அடங்கிய குரலில், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் நேரத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. நான் சிமோனையே தேர்ந்தெடுப்பேன்.

தமிழ்ப் பாட்டு தாராளமாகப் பொருந்தும். ஆனால் ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். 1966-இல் வந்த 'யார் நீ?' படத்தில் பி. சுசீலா பாடிய 'நானே வருவேன்' உங்களுக்கும் எனக்கும் மயிர்க்கூச்செறியச் செய்வது, இருட்டில் அந்தக் குரல் எங்கிருந்தோ வரும் காட்சியை நாம் அறிந்திருப்பதால்தான். எடிசனில் வளரும் குழந்தைக்கு அது இனிமையான மெல்லிசை மட்டுமே. எனவே அதைப் பயமுறுத்துவதற்காக அல்லாமல், பெரியவர்களுக்காக வையுங்கள். அந்தப் படம் 1964-இல் வந்த 'வோ கோன் தீ' என்ற இந்திப் படத்தின் தழுவல். இந்தப் பாட்டின் மெட்டும் அங்கிருந்து வந்ததுதான். உங்கள் குடியிருப்பில் இந்தி பேசும் குடும்பங்கள் இருந்தால், அவர்களும் தங்கள் பாட்டு என்று எண்ணிக் கூடவே பாடத் தொடங்குவார்கள். 2005-இல் வந்த 'சந்திரமுகி'யின் 'ரா ரா' பாட்டு, வரிகள் தெலுங்கில் இருந்தாலும், பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும், ஆடவும் தோதானது. இந்த இரண்டுக்கு மேல் வேண்டாம். வந்திருப்போர் அனைவரும் தமிழர் அல்லர் என்றால், மூன்றாவது பாட்டிலிருந்து அது நம் வீட்டு விசேஷமாகிவிடும்.

வரிசைக்கு வருகிறேன். இரண்டரை மணி நேரத்துக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது பாடல்கள் தேவைப்படும். அவற்றில் நான் சொன்னவை பத்துப் பன்னிரண்டுதான். மீதியை நீங்களும் பிள்ளைகளும் சேர்ந்து, அதே அளவுகோலை வைத்துத் தேடுங்கள். முதல் அரைமணிக்குச் சொல்லில்லாத இசை. அடுத்த ஒரு மணிநேரம் முழுவதும் ஆட்டப் பாடல்கள். உணவு வரும்போது சிமோனும் சுசீலாவும். சின்னவர்கள் கிளம்பும் கடைசி அரைமணியைப் பதின்வயதுப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிடுங்கள். ஆனால் அவர்கள் தரும் பாடல்களின் வரிகளை முந்தின நாளே படித்துவிடுங்கள், கெட்ட வார்த்தைக்கான குறி இருந்தால் அது நீக்கப்பட்ட வடிவத்தைத் தேடுங்கள். வரிசையைக் குலைத்துப் போடும் ஷஃபிள் பொத்தானை நிறுத்திவையுங்கள். கார்ப்பெண்டரின் பியானோ ஆறேகால் மணிக்கு வந்து நிற்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். 1962, 1965-ஆம் ஆண்டுப் பதிவுகள் இன்றைய பாடல்களைவிடச் சத்தம் குறைவாக ஒலிப்பதால், செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை இயக்கிவிடுங்கள். கட்டணமில்லாக் கணக்கு என்றால் 'திரில்லர்' முடிந்ததும் கார் காப்பீட்டு விளம்பரம் வரும். அந்த ஒரு மாதத்துக்காவது கட்டணம் செலுத்தி, பாடல்களை முன்கூட்டியே இறக்கிவைப்பது நல்லது. பொதுக்கூடங்களில் வலைத்தொடர்பை நம்ப முடியாது.

வாசலில், மிட்டாய் கேட்டு வரும் குழந்தைகளுக்கு வேறு ஒரு சிறு ஸ்பீக்கரில் காற்று, கதவு, ஆந்தை ஒலிகளை மட்டும் மெதுவாக ஓடவிடலாம். அலறல் ஒலியை அங்கே வைக்க வேண்டாம். மூன்று வயதுக் குழந்தை படியேறாமலே திரும்பிவிடும். உள்ளே ஏதாவது ஒரு பாட்டுக்கு யாராவது அழுதுவிட்டால், அதை நடுவில் பட்டென்று நிறுத்தாமல் ஒலியளவை மெல்லக் குறைத்து, உடனே 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' பாட்டைப் போடுங்கள். அதற்காகவே அந்தப் பாட்டு கைபேசியில் தனியாக, ஒரே தட்டலில் எடுக்கும் இடத்தில் இருக்கட்டும்.