சேவல் தலையும் வயிற்று வலியும்

அன்புள்ள ஐயா,

மறைஞானத்தால் மீட்பு என்று நம்பிய பழைய நாஸ்டிக் மரபு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த ஆர்வத்தில் இணையத்தில் ஒரு அப்ராக்ஸஸ் மோதிரம் வாங்கினேன். சேவல் தலை, மனித உடம்பு, கால்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பாம்புகள். ‘நன்மையும் தீமையும் ஒன்றான நாஸ்டிக் கடவுள், அணிபவரைக் காப்பார்’ என்று கூடவே ஒரு சீட்டும் வந்தது. எனக்கு ஒன்று புரியவில்லை. உலகமே சிறை, உடம்பே விலங்கு என்று சொன்னவர்கள் அந்த உடம்பைக் காத்துக்கொள்ள எதற்குத் தாயத்து கட்டினார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கட்டியவர்களில் பெரும்பாலோர் நாஸ்டிக்குகளே அல்ல. அதனால்தான் உங்களுக்கு இடிக்கிறது.

இந்தக் கற்கள் பெரும்பாலும் கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டு வரை, ரோமானிய ஆட்சியிலிருந்த எகிப்திலும் கிழக்கு மத்தியதரைக்கடல் நாடுகளிலும் புழங்கியவை. அப்ராக்ஸஸை அப்ரஸாக்ஸ் என்றும் எழுதுவார்கள். அந்தப் பெயரின் கிரேக்க எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் 365 வரும். அலெக்ஸாண்ட்ரியாவின் பஸிலிடஸ் என்ற நாஸ்டிக் ஆசிரியரின் வழிவந்தவர்கள் 365 வானங்கள் உண்டென்றும் அவற்றின் தலைவன் பெயர் இதுவென்றும் சொன்னதாக, 180 வாக்கில் கிறிஸ்தவ ஆயர் ஐரேனியஸ் எழுதிவைத்தார். அவர்களைக் கண்டிப்பதற்காக எழுதியது அது. 17ஆம் நூற்றாண்டுப் பழம்பொருள் ஆர்வலர்கள் கல்லில் இதே பெயரைப் பார்த்ததும் அத்தனையையும் நாஸ்டிக் கணக்கில் எழுதிவிட்டார்கள். 1950இல் ஆய்வாளர் கேம்பெல் பானர் அமெரிக்காவிலிருந்து எழுதிய பெருநூல் அந்த முத்திரையைப் பெருமளவு அழித்தது. விற்பவர்கள் மட்டும் இன்னும் விடவில்லை. சீட்டிலிருக்கும் ‘நன்மையும் தீமையும் ஒன்று’ 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 1916இல் உளவியலாளர் யுங் எழுதியதிலிருந்து பரவியது.

கல்லைக் கையிலெடுத்துப் பார்த்தால் வேறு உலகம் தெரியும். சேவல் தலையன் மார்புக்கவசம் அணிந்து ஒரு கையில் சாட்டையும் மறு கையில் கேடயமும் பிடித்திருப்பான். கேடயத்தில் பல சமயம் ‘இயாஓ’ என்றிருக்கும். யூதர்களின் கடவுள் பெயர் கிரேக்க எழுத்தில் அப்படி ஆனது. விடியலை அறிவிக்கும் சேவல், சூரியத் தேரோட்டியின் சாட்டை, ரோமானியப் போர்வீரனின் கவசம் என்று அதிகாரமுள்ள அடையாளங்களையெல்லாம் ஓர் உருவத்தில் குவித்திருக்கிறார்கள். எந்த மதத்துக்காரன் என்று கேட்டால் அவனாலேயே பதில் சொல்லமுடியாது.

எனக்கு இவனைவிடப் பிடித்தவை நோய்க் கற்கள். ஹெமடைட் கறுப்பாகப் பளபளக்கும், உரசினால் சிவப்புத் தூள் கொட்டும். ஆகவே அது இரத்தத்தை ஆளும் கல். அதில் கருப்பையைக் கவிழ்த்த குடம்போலச் செதுக்கி, குடத்தின் வாயருகே பல் வைத்த ஒரு சாவியை வைப்பார்கள். சுற்றிலும் தன் வாலைத் தானே கவ்விய பாம்பு. உதிரப்போக்கு நிற்கவும் கரு தங்கவும் பூட்டவேண்டும், பேறுகாலத்தில் திறக்கவேண்டும். இதற்கு மறைஞானம் எதற்கு? கர்ப்பிணியின் பயம் தெரிந்த எவருக்கும் இந்தச் சாவி புரியும்.

வயிற்றுக்கு க்நூபிஸ். கதிர் வீசும் சிங்கத் தலையும் சுருண்ட பாம்பு உடலும் கொண்டவன். பண்டைய கிரேக்க மருத்துவர் காலன், பச்சை ஜாஸ்பர் கல்லில் பொறித்த இத்தகைய கதிர்சூடிய பாம்பைப் பற்றிச் சொல்லிவிட்டு, எதுவும் பொறிக்காத வெறும் ஜாஸ்பரைக் கோத்து வயிற்றின் வாயைத் தொடும்படி தொங்கவிட்டுப் பார்த்ததாகவும், பொறித்ததற்குச் சற்றும் குறையாமல் பயன் தந்ததாகவும் எழுதுகிறார். கல் போதும், படம் வேண்டாம் என்பது அவர் கட்சி. கல்லையே எடுத்துவிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை மனிதருக்கு!

உங்கள் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிகளில் ‘யோவானின் மறைநூல்’ என்ற நாஸ்டிக் நூலும் உண்டு. இவ்வுலகைப் படைத்த யல்தபோத்தை அது சிங்கமுகப் பாம்பு என்று வர்ணிக்கிறது. கிட்டத்தட்ட க்நூபிஸின் அதே முகம். ஆனால் இவன் ‘என்னையன்றிக் கடவுள் இல்லை’ என்று பிதற்றும் அறிவிலி, ஆன்மாவின் சிறைக்காவலன். ஒருவர் வயிற்று வலி தீர எந்த முகத்தைக் கழுத்தில் கட்டினாரோ, அந்த முகத்திடமிருந்து தப்பிப்பதையே மற்றவர் முக்தி என்றார்.

உண்மையிலேயே நாஸ்டிக் கல் என்று சொல்லத்தக்கது ஒன்றை பானரே 1949இல் வெளியிட்டார். ஒரு பக்கம் சிங்கத்தலை உருவமும் யல்தபோத் என்ற பெயரும். மறுபக்கம் இயா, இயாஓ, சபாஓத், அதோனாய், எலோஆய், ஹோரேயோஸ், அஸ்தபேயோஸ் என ஏழு பெயர்கள். இறந்தபின் மேலேறும் ஆன்மா கடக்கவேண்டிய வாயில்களைக் காப்பவர்களின் பெயர்களாக, ஏறக்குறைய இவற்றையே கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், ஓபைட் என்ற நாஸ்டிக் பிரிவினரைப் பற்றிச் சொல்லும்போது தருகிறார். அப்படியென்றால் இது உடம்பைக் காக்கக் கட்டியதாக இருக்காது, சோதனைச்சாவடிகளில் காட்டவேண்டிய அனுமதிச்சீட்டு என்றே நான் வாசிக்கிறேன்.

மோதிரத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை. அதிலுள்ள எழுத்துகள் நேராக இருக்கின்றனவா, கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பியிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். மெழுகில் பதிக்கும் முத்திரைக்குத்தான் எழுத்தைத் திருப்பிச் செதுக்குவார்கள். தாயத்துக் கற்களில் பெரும்பாலும் நேராகவே இருக்கும்.