இரவுத் தீனியை ஹிப்னோதெரபி நிறுத்துமா?

கேள்வி: எனக்கு வயது 41. பள்ளி ஆசிரியை. உயரம் 157 செ.மீ., எடை 79 கிலோ. மூன்று வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். பகல் முழுக்கக் கட்டுப்பாடாகத்தான் இருக்கிறேன். காலையில் காபியோடு சரி. மதியம் ஒரு சின்ன டப்பா தயிர்சாதம். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சமையலறையை ஒழிக்கப் போனால் மிச்சமிருக்கும் சாதம், பிள்ளைகள் தட்டில் விட்ட தோசை, மிக்சர், பிஸ்கட் என்று கை நிற்பதே இல்லை. வாரத்தில் நான்கைந்து நாள் இப்படி. வயிறு வலித்தால்தான் நிறுத்துகிறேன். அப்புறம் என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. ஹிப்னோதெரபியால் உணவு ஆசையை ஆழ்மனதிலிருந்தே அழித்துவிடுவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். நம்பிப் போகலாமா? மயக்கத்தில் ரகசியங்களை உளறிவிடுவேனோ என்றும் பயம். யூடியூப் ஆடியோவே போதும் என்கிறாள் தங்கை.

பதில்: போகலாம். ஆனால் இப்போதே வேண்டாம், அந்த விளம்பரக்காரரிடமும் வேண்டாம். உணவு ஆசையை யாராலும் அழிக்க முடியாது. ஆசை எழுவதற்கும் கை டப்பாவுக்குள் போவதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. உங்களுக்கு இப்போது அது சில நொடிகள்கூட இருக்காது. அதைக் கொஞ்சம் நீட்டித் தருவதற்கு ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிசம் வழியாகத் தரும் சிகிச்சை, உதவும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது கிளிமிபிரைடுதான்.

அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அதற்குத் தெரியாது. காலை டிபனோடு எடுத்துக்கொள்ள வேண்டிய மாத்திரை அது. டிபனே இல்லாதபோது எதோடு எடுத்துக்கொள்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. காபியோடு என்றால், மதியம் நாலு வாய் தயிர்சாதத்தை மட்டும் நம்பி இரவு வரை ஓடுகிறீர்கள். ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதற்கு இது தோதான ஏற்பாடு. சர்க்கரை தாழ்ந்தால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். கூடவே, எது கிடைத்தாலும் அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் ஒரு பசி வரும். வெளியிலிருந்து பார்த்தால் வாயைக் கட்டத் தெரியாதவர் மாதிரி இருக்கும். உண்மையில் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. அந்தப் பசியை ஹிப்னாடிசத்தால் அடக்கினால் ஆபத்து.

அதனால் அடுத்த ஒரு வாரம், அந்த வேகம் கிளம்பும் நேரத்தில், சாப்பிடுவதற்கு முன் குளுக்கோமீட்டரில் ஒரு முறை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எண்களைக் குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். கிளிமிபிரைடு எடையைக் கூட்டக்கூடிய மருந்தும்கூட. தாழ்சர்க்கரைக்கோ எடைக்கோ அவ்வளவாக வழிவிடாத மாற்று மருந்துகள் இருக்கின்றன, மாற்றலாமா என்று அவரிடமே கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

சரி, எண்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன என்று வையுங்கள். அப்போதும் இரவு ஒன்பது மணிப் பசியைப் பகலிலேயே தயார் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். நீங்கள் "கட்டுப்பாடு" என்று எழுதியிருப்பதை நான் பட்டினி என்பேன். பகலில் பட்டினி, இரவில் அள்ளித் தின்பது, மறுநாள் குற்ற உணர்ச்சியில் மறுபடி பட்டினி: இந்தச் சுழற்சி எங்களைப் போன்ற சிகிச்சையாளர்களுக்குப் பழக்கமானது. 2013-ல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 'பிஞ்ச் ஈட்டிங்' என்பதைத் தனி நோயாகவே சேர்த்தது. வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதத்துக்கு மேல், நிறுத்த முடியவில்லையே என்ற தவிப்போடு ஏராளமாகச் சாப்பிடுவது. வயிறு வலிக்கும் வரை சாப்பிடுவது, யாரும் பார்க்காதபோது சாப்பிடுவது, பிறகு தன்மேல் வெறுப்பு வருவது எல்லாம் அதன் அடையாளங்கள். உங்களுக்கு அந்த நோய்தான் என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு ஒற்றுமை இருக்கிறது. சாப்பிட்டதை வாந்தி எடுத்து வெளியேற்றும் பழக்கமோ, பேதி மாத்திரை போடும் பழக்கமோ இருந்தால், முதலில் பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர்.

பிஞ்ச் ஈட்டிங்குக்கு முதல் சிகிச்சை சிபிடி என்ற பேச்சுவழிச் சிகிச்சை. கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், அதில் ஆரம்பத்திலேயே தரப்படும் வேலை நேரத்துக்குச் சாப்பிடுவது. காலையில் மூன்று இட்லி, சாம்பார். மதியம் அந்தத் தயிர்சாதத்தோடு ஒரு காயும் பருப்பும். நாலரை மணிக்கு, பள்ளி விட்டதும், ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த முட்டையோ. எட்டு மணிக்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து, உங்களுக்கென்று ஒரு தட்டு. நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. "இன்னும் அதிகமாகச் சாப்பிடச் சொல்கிறீர்களே, எடை ஏறாதா" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இரண்டு வாரம் செய்து பாருங்கள். இதிலேயே இரவுத் தீனி பாதி அடங்கிவிடுபவர்கள் உண்டு. ஹிப்னோதெரபிக்கு வேலை அடங்காத மீதியில்தான்.

அங்கே என்ன நடக்கும்? முதல் அமர்வு முழுக்கப் பேச்சாகவே போய்விடும். நானாக இருந்தால் குடைந்து குடைந்து கேட்பேன். நின்றுகொண்டு சாப்பிடுகிறீர்களா, உட்கார்ந்தா? மிக்சர் டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது? மூடி எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா? கணவர் எங்கே இருப்பார்? அந்த நேரத்தில் மனதில் ஓடுவது என்ன, மறுநாள் திருத்த வேண்டிய நோட்டுகளா, மாமியார் சொன்ன வார்த்தையா? இரவில் அள்ளிச் சாப்பிடுபவர்களில் அநேகம் பேர் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறார்கள், தட்டு இல்லாமல். தட்டில் போட்டால் அது சாப்பாடு ஆகிவிடுமே.

அடுத்த அமர்வில் நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, மூச்சை நிதானப்படுத்தி, எண்களை இறங்குவரிசையில் சொல்லிக்கொண்டே வருவார்கள். கண் தானாக மூடும். பிறகு உங்கள் சமையலறைக்கே உங்களைக் கூட்டிப் போவார்கள். குழாய்ச் சத்தம், கழுவிய குக்கரின் கனம், அலமாரிக் கதவு, டப்பா. மூடியின் குளிர்ச்சி விரலில் படுகிறது. இந்த இடத்தில்தான் சிகிச்சை. அந்தக் குளிர்ச்சி பட்டதும் ஒரு நீண்ட மூச்சு வெளியே போகும், கை அப்படியே மூடியின் மேல் இருக்கும், வயிறு என்ன சொல்கிறது என்று கவனிப்பீர்கள், வேண்டுமென்றால் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு உட்காருவீர்கள். இதையே திரும்பத் திரும்ப, உங்கள் சொற்களிலேயே சொல்லி ஒத்திகை பார்ப்பது. இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். மிக்சரைத் தொடவே கூடாது என்ற கட்டளை இதில் கிடையாது.

சிலர் வேறு மாதிரி செய்வார்கள். மிக்சரில் புழு நெளிவதாகவும், இனிப்பைப் பார்த்தாலே குமட்டுவதாகவும் கற்பனை செய்யவைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏற்கெனவே தன்மேல் வெறுப்போடு வருபவருக்கு இன்னொரு வெறுப்பை ஏற்றி அனுப்பி என்ன ஆகப்போகிறது?

ரகசியம் உளறும் பயத்தை விட்டுவிடுங்கள். இது தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. சீரியலில் மூழ்கியிருக்கும்போது குக்கர் விசில் எத்தனை என்று எண்ண மறந்துபோவோமே, கிட்டத்தட்ட அந்த நிலைதான். சிகிச்சையாளர் பேசுவது கேட்கும், பிடிக்காததைச் சொன்னால் மறுக்க முடியும், வேண்டுமென்றால் பொய்கூடச் சொல்ல முடியும், எழுந்து போகவும் முடியும். ஹிப்னாடிச மேடை நிகழ்ச்சிகளில் கோழி மாதிரிக் கூவுகிறவர்கள், எளிதில் ஆட்படுபவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். ஆட்படும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும். நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு மிக எளிது, ஏறக்குறைய அதே அளவு பேருக்கு வரவே வராது, மற்றவர்கள் நடுவில். வரவில்லை என்றால் அது மனவலிமைக் குறைவு இல்லை.

பலன் எவ்வளவு என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை நடந்திருக்கிறது. 1990-களில் அமெரிக்க உளவியலாளர் இர்விங் கிர்ஷ், சிபிடியோடு ஹிப்னாடிசத்தையும் சேர்த்தால் எடை நன்றாகக் குறைவதாகப் பழைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். அதே ஆய்வுகளை மறுபடி கணக்குப் போட்ட டேவிட் அலிசனும் மைல்ஸ் ஃபெய்த்தும் பலன் சின்னதுதான் என்றார்கள். 1996-ல் கிர்ஷ் திருத்திய கணக்கைத் தந்தார்: ஹிப்னாடிசம் இல்லாமல் சராசரியாக 2.7 கிலோ குறைந்தது, சேர்த்தபோது 5.4 கிலோ. 1998-ல் இங்கிலாந்தில், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் அறுபது பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒன்றரை வருடத்துக்குப் பிறகும் எடை குறைந்தே இருந்தது ஒரே ஒரு குழுவுக்குத்தான், அதுவும் 3.8 கிலோ. அந்தக் குழுவுக்கு ஹிப்னோதெரபி மன அழுத்தத்தைக் குறைப்பதற்காகத் தரப்பட்டது என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. உங்கள் நோட்டுத் திருத்தும் இரவுகளை யோசித்துப் பாருங்கள்.

நான் அதிகம் மதிப்பது இத்தாலியின் டுரின் நகரில் நடந்து 2018-ல் வெளிவந்த ஆய்வை. அதிக உடற்பருமன் உள்ள 120 பேருக்கு உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. அவர்களில் பாதிப் பேருக்குக் கூடுதலாகத் தாங்களே செய்துகொள்ளும் ஹிப்னாடிசம். ஒரு வருட முடிவில் எடையில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு கூடியிருப்பதாகவும், வாழ்க்கை மேம்பட்டிருப்பதாகவும் சொன்னார்கள். பயிற்சியை விடாமல் தொடர்ந்தவர்களுக்கு எடையும் கூடுதலாகக் குறைந்திருந்தது. விடாமல் தொடர்கிறவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

யாரிடம் போவது? இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், அல்லது மனநல மருத்துவர். அவர் ஹிப்னோதெரபியிலும் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர் வேண்டாம். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்காதவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இத்தனை கிலோ குறையும் என்று உறுதி தருபவர், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்பவர், முற்பிறவிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்பவர், இவர்களும் அப்படித்தான். சின்ன வயதில் என்ன நடந்தது என்று ஹிப்னாடிச நிலையில் தோண்டினால் நடக்காததும் நடந்ததாக நினைவில் பதிந்துவிடலாம். வலிப்பு, மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு என்று ஏதாவது இருந்தால் மனநல மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. கையில் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

தங்கை சொல்லும் ஆடியோக்கள் உடம்பைத் தளர்த்திக்கொள்ள நல்லவைதான், வண்டி ஓட்டும்போது மட்டும் கேட்காதீர்கள். ஆனால் அந்தக் குரலுக்கு உங்கள் டப்பாவின் மூடி எவர்சில்வரா என்று தெரியாது, கிளிமிபிரைடும் தெரியாது. "உங்களுக்கு இனிப் பசியே எடுக்காது" என்று சொல்லும் ஆடியோ எதுவாக இருந்தாலும் அழித்துவிடுங்கள். சிகிச்சையாளரிடம் போன பிறகு, அவர் சொல்லித்தரும் வாசகங்களை உங்கள் குரலிலேயே போனில் பதிந்து, சமையலறைக்குள் நுழைவதற்கு முன் பத்து நிமிடம் கேட்கலாம்.

தினமும் எடை பார்க்க வேண்டாம். வாரத்தில் எத்தனை இரவு கை மீறியது என்று மட்டும் காலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள். இப்போது நான்கைந்து. நாலு அமர்வு முடிந்தும் அந்த எண் அசையவில்லை என்றால் ஐந்தாவதற்குப் பணம் கட்டாதீர்கள், சிபிடி தருபவர் யாரிடமாவது அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.