அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் குழந்தைக்கும் வருமா? மரபணுப் பரிசோதனை செய்து முன்கூட்டியே அறிய முடியுமா?

கேள்வி கேட்டவர் தமக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங் இருப்பதாகவும், கணவருக்குத் தூசி ஒவ்வாமை இருப்பதாகவும், ஆறு மாதக் குழந்தைக்குக் கன்னங்களில் எக்சிமா என்ற தோல் அழற்சி தொடங்கியிருப்பதாகவும், இணையத்தில் விற்கும் மரபணுப் பரிசோதனை ஒன்றை வாங்கலாமா என்றும் எழுதியிருக்கிறார். குழந்தைக்கு வரும் வாய்ப்பு, பெற்றோர் இருவருக்கும் ஒவ்வாமை இல்லாத குழந்தையைவிடக் கூடுதல்தான். ஆனால் அந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவிட வேண்டாம். முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை ஏன் சொல்கிறேன் என்பதற்குச் சற்று நீண்ட விளக்கம் தேவைப்படுகிறது. நான் மருத்துவர் அல்லன். கல்லூரியில் மரபியல் கற்பித்தவன், ஒவ்வாமைக் குடும்பத்தில் பிறந்தவன்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இளைப்பு. எனக்கு விடிந்ததும் தும்மல். தம்பிக்கு இரண்டும் இல்லை. இப்படிப்பட்ட குடும்பங்களை மருத்துவர்கள் வெகு காலமாகவே கவனித்து வந்திருக்கிறார்கள். 1916இல் நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் குக், ஆல்பர்ட் வாண்டர் வீர் என்ற இருவர், ஒவ்வாமை நோயாளிகளின் குடும்ப வரலாறுகளைத் தொகுத்து, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது குறிப்பிட்ட ஒரு பொருளின் மீதான ஒவ்வாமை அன்று, எதன் மீதாவது ஒவ்வாமை கொள்ளும் இயல்புதான் என்று எழுதினார்கள். தந்தைக்கு மகரந்தம் ஆகாதிருக்க, மகனுக்கு முட்டை ஆகாமல் போவது அதனால்தான். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கூற்று பெரும்பாலும் நிற்கிறது.

ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களையும் இரு கருக்களிலிருந்து பிறந்த இரட்டையர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள், ஆஸ்துமாவில் மரபின் பங்கு பாதிக்கு மேல் என்றே பெரும்பாலும் மதிப்பிடுகின்றன. இந்த எண்ணைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். ஒருவருடைய நோயில் பாதி மரபணுவால் வந்தது, மீதி தூசியால் வந்தது என்பது இதன் பொருளன்று. குறிப்பிட்ட ஒரு மக்கள்தொகையில், குறிப்பிட்ட சூழலில், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபு வேறுபாட்டோடு பொருந்துகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. சூழல் மாறினால் அந்த எண்ணும் மாறும். மரபணு ஏறக்குறைய ஒன்றேயான இரட்டையரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருக்க மற்றவருக்கு இல்லாமல் போவதும் சாதாரணமாகவே நடக்கிறது.

மரபின் வலிமையை மட்டும் காண விரும்புவோருக்குத் தென் அட்லாண்டிக் கடலின் நடுவிலுள்ள டிரிஸ்டன் ட குன்யா தீவு நல்ல எடுத்துக்காட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேறிய ஏறத்தாழ 15 பேரின் வழித்தோன்றல்களே அங்கு வாழும் சில நூறு பேர். குடும்பப் பெயர்கள் மிகச் சில. முதலில் வந்தவர்களில் சிலருக்கு ஆஸ்துமா இருந்திருக்கிறது. 1961இல் எரிமலை வெடித்துத் தீவினர் அனைவரும் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, அவர்களிடையே ஆஸ்துமா மிகுதியாக இருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். 1990களில் டொரான்டோவிலிருந்து நோயே ஜமேல் தலைமையில் சென்ற குழு, தீவினரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் நோயின் அறிகுறிகள் முழுமையாகவோ ஓரளவோ இருப்பதைப் பதிவு செய்தது. மாசில்லாத கடற்காற்றின் நடுவே இப்படி என்றால் மரபைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? ஆனாலும் இதை வைத்து ‘ஆஸ்துமாவின் மரபணு’ என்று ஒன்றைச் சுட்டிவிட முடியவில்லை. அப்படி ஒன்று இல்லவும் இல்லை.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டுதான் என்னை மிகவும் கவர்ந்தது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரு கிறித்தவப் பிரிவினர் இருக்கிறார்கள். ஆமிஷ் மக்களின் வேர் சுவிட்சர்லாந்தில். ஹட்டரைட்டுகளின் வேர் ஆல்ப்ஸ் மலையின் தென் டிரோல் பகுதியில். இருவரும் தம் பிரிவுக்குள்ளேயே மணம் செய்வார்கள், பெரிய குடும்பங்கள், ஒரே வகையான ஜெர்மானிய உழவர் உணவு, தாய்ப்பால் நீண்ட காலம் கொடுப்பார்கள், புகைப்பழக்கம் குறைவு, வீட்டுக்குள் செல்லப்பிராணிகளை விடமாட்டார்கள். மரபணுக்களை ஒப்பிட்டபோதும் இரு பிரிவினரும் மிக நெருக்கமானவர்கள் என்றே தெரிந்தது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளில் ஆஸ்துமா ஆமிஷ் மக்களிடம் 5 விழுக்காட்டை ஒட்டியும் ஹட்டரைட்டுகளிடம் 21 விழுக்காட்டை ஒட்டியும் இருந்தது.

வேறுபாடு தொழில்முறையில் இருந்தது. ஆமிஷ் குடும்பம் தன் சொந்தப் பால்பண்ணையில், குதிரை பூட்டி உழுது, தொழுவத்தை ஒட்டியே வாழ்கிறது. குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும் தொழுவத்துக்குள் போய்வருவார்கள். ஹட்டரைட்டுகள் இயந்திரமயமான பெரும் பண்ணையைக் கூட்டாக நடத்துகிறார்கள். கால்நடைக் கொட்டில்கள் வீட்டிலிருந்து தொலைவில் இருக்கும், குழந்தைகள் அங்கே போவதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேரல் ஓபர், அரிசோனாவின் டொனாட்டா வெர்செல்லி, மியூனிக்கின் எரிகா ஃபான் மூட்டியுஸ் ஆகியோர் அடங்கிய குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் 30 பிள்ளைகளின் இரத்தத்தையும் அவர்களுடைய வீட்டுத் தூசியையும் எடுத்து ஆராய்ந்தார்கள். பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற பொருள் ஆமிஷ் வீட்டுத் தூசியில் ஏறத்தாழ ஏழு மடங்கு கூடுதலாக இருந்தது. அந்தத் தூசியைச் சாறாக்கி எலிகளின் மூக்கில் விட்டபோது, ஒவ்வாமை ஊட்டப்பட்ட எலிகளின் மூச்சுக்குழல் இறுகுவது குறைந்தது. ஹட்டரைட் வீட்டுத் தூசி அப்படிக் காக்கவில்லை. அதைவிட முக்கியமான செய்தி: நுண்ணுயிர்களை உணர்ந்து உடலின் இயல்பான தற்காப்பைத் தூண்டும் இரண்டு மரபணுக்கள் நீக்கப்பட்ட எலிகளில் ஆமிஷ் தூசியின் பயனும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. காப்பது தூசி என்று சொல்வதும் போதாது, மரபணு என்று சொல்வதும் போதாது. அந்தத் தூசிக்கு அந்த மரபணுக்கள் கொடுக்கும் மறுமொழிதான் காக்கிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டைப் பெருக்காமல் விட வேண்டாம். நம் நகர வீடுகளின் தூசியில் இருப்பவை தூசிப்பூச்சியும் கரப்பான் எச்சமும். இவை காப்பவையல்ல, ஒவ்வாமையைத் தூண்டுபவை.)

இதே பாடம் மரபணுக்களின் பக்கத்திலிருந்தும் கிடைத்திருக்கிறது. 2007இல் லண்டனைச் சேர்ந்த மிரியம் மோஃபட், வில்லியம் குக்சன் குழுவினர், நோயுள்ள பிள்ளைகளின் மரபணுத் தொகுதி முழுவதையும் நோயற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு, 17ஆம் குரோமோசோமில் ஓரிடம் குழந்தைப்பருவ ஆஸ்துமாவோடு தொடர்புடையது என்று கண்டார்கள். ஓஆர்எம்டிஎல்3, ஜிஎஸ்டிஎம்பி என்னும் மரபணுக்கள் அந்த இடத்தில் இருக்கின்றன. பின்னர் வந்த எல்லாப் பெரிய ஆய்வுகளிலும் தவறாமல் மீண்டும் தோன்றிய இடம் இது. ஆனால் 2013இல் அமெரிக்கா, டென்மார்க் ஆகிய நாடுகளில் பிறப்பிலிருந்தே கண்காணிக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்தபோது, சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸ் தொற்றி மூச்சு இரைத்த குழந்தைகளிடம் மட்டுமே இந்த இடத்திலுள்ள மரபணு வேறுபாடு பிற்கால ஆஸ்துமாவை முன்னறிவித்தது. மற்றவர்களிடம் அதற்குப் பொருளே இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டில் சிகரெட் புகை இருந்தவர்களிடம் அதன் தீங்கு இன்னும் கூடியது. ஐரோப்பிய உழவர் குடும்பங்களிலோ, இதே ஆபத்தான வடிவத்தைக் கொண்ட குழந்தைகளிடம்தான் மாட்டுத் தொழுவத்தின் காக்கும் பயன் தெளிவாகத் தெரிந்தது. ஒரே மரபணு வடிவம் ஒரு வீட்டில் கெடுதலாகவும் இன்னொரு வீட்டில் ஏறக்குறைய அனுகூலமாகவும் நடந்துகொண்டால், அதை ‘நோய் மரபணு’ என்று அழைப்பது எந்த அளவுக்குச் சரி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

உங்கள் குழந்தைக்கு எக்சிமா இருப்பதால் ஃபிலாக்ரின் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தோலின் மேலடுக்கு நீரை இழக்காமலும் வெளிப்பொருள் உள்ளே புகாமலும் இருக்கத் துணைபுரியும் புரதம் அது. 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இர்வின் மக்லீன் குழுவினர், இதன் மரபணு செயலிழந்த வடிவங்களை ஐரோப்பியர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஒரு பிரதியாவது சுமக்கிறார்கள் என்றும், அவர்களுக்கு எக்சிமா வரும் வாய்ப்பு மிகக் கூடுதல் என்றும் காட்டினார்கள். அவர்களுக்கு ஆஸ்துமாவும் வரலாம். ஆனால் பெரும்பாலும் எக்சிமா முன்னே வந்த பிறகே. இந்த மரபணு நுரையீரலின் மூச்சுக்குழல்களில் வேலை செய்வதாகத் தெரியவில்லை. நுரையீரல் நோய் ஒன்றின் தொடக்கம் தோலில் இருக்கக்கூடும் என்பதை மருத்துவர்கள் உறுதியாக நம்பத் தொடங்கியது இதன் பிறகுதான். வீட்டில் பறக்கும் வேர்க்கடலைத் துகள் வெடித்த தோல் வழியாக நுழைந்தால் ஒவ்வாமை பிறக்கிறது. அதே கடலை வாய்வழியாகக் குடலுக்குப் போனால் உடல் அதை ஏற்கப் பழகுகிறது. 2008இல் வந்த ஓர் ஆய்வு, பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளைவிட ஏறத்தாழ பத்து மடங்கு இருப்பதைக் காட்டியது. இஸ்ரேலில் கடலை சேர்ந்த நொறுக்குத் தீனியைக் குழந்தைகள் முதலாண்டிலேயே தின்கிறார்கள், பிரிட்டனில் அப்போது தவிர்த்தார்கள். அதைத் தொடர்ந்து லண்டனில் கிடியன் லாக் நடத்தி 2015இல் முடிவு வெளியான சோதனையில், எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ கொண்ட 640 கைக்குழந்தைகளில், கடலை உணவைத் தொடர்ந்து உண்டவர்களிடம் ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. அதே சமயம், பிறந்த நாள் முதல் களிம்பு பூசித் தோலை ஈரமாக வைத்தால் எக்சிமாவே வராமல் தடுக்கலாம் என்ற நம்பிக்கை, 2020இல் வெளியான பெரிய சோதனைகளில் பொய்த்தது. வந்துவிட்ட எக்சிமாவுக்குக் களிம்பு கட்டாயம் வேண்டும். வராமல் தடுக்க அது போதவில்லை.

வெளிநாட்டில் வாழும் நம்மவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடிமழைக்கு முன்னால் வீசிய காற்று, நுண்துகள்களாக வெடித்த ரைப்புல் மகரந்தத்தை நகரெங்கும் இறைத்தது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா ஆகியவற்றைப் பூர்விகமாகக் கொண்டோர் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாக இருந்தார்கள். அவர்களில் பலருக்கு அதுவரை பருவகாலத் தும்மல் மட்டுமே இருந்தது; ஆஸ்துமா என்று யாரும் சொன்னதில்லை. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆசியர்களிடம், அங்கே வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூட மகரந்த ஒவ்வாமையும் கூடுவது முன்பே கவனிக்கப்பட்டிருந்தது. விமானம் ஏறியதால் அவர்களுடைய மரபணுக்கள் மாறிவிடவில்லை. அவை முன்பு சந்தித்திராத ஒரு புல்லைச் சந்தித்தன.

இனி நீங்கள் வாங்க நினைக்கும் பரிசோதனைக்கு வருகிறேன். ஆஸ்துமாவோடு தொடர்புடைய மரபணு இடங்கள் நூற்றுக்கும் மேல் இப்போது தெரியும். ஆனால் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் வாய்ப்பைச் சிறிதளவே கூட்டுகின்றன, அவற்றின் ஆபத்தான வடிவங்களை நோயற்ற பலரும் சுமக்கிறார்கள். 17ஆம் குரோமோசோமில் நான் சொன்ன வடிவம் ஐரோப்பியர்களில் மிகப் பரவலானது. எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போட்டாலும், அந்த மதிப்பெண் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரின் தரவிலிருந்து உருவாக்கப்பட்டது. ஃபிலாக்ரின் மரபணுவிலேயே ஐரோப்பியர்களிடம் பொதுவாகக் காணப்படும் பழுதுகள் ஆசியர்களிடம் அரிது, ஆசியர்களுடைய பழுதுகள் வேறு. தமிழ்நாட்டுக் குழந்தை ஒன்றின் எச்சிலை எடுத்து அந்த அளவுகோலால் அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களுக்கு ஆஸ்துமா, கணவருக்கு ஒவ்வாமை, குழந்தைக்கு எக்சிமா என்ற மூன்று தகவல்களும் செலவின்றியே அதைவிட அதிகம் சொல்லிவிடுகின்றன.

மரபணு ஆய்வே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதன் பயன் வேறு இடத்தில் கிடைத்தது. ஐஎல்-33, டிஎஸ்எல்பி போன்ற பெயர்கள் இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்தன. மூச்சுக்குழலின் உட்பரப்பு காயப்படும்போது அது எழுப்பும் அபாய அறிவிப்புகள் இவை. ஐஎல்-33 செயலிழந்த அரிய வடிவம் கொண்டவர்களுக்கு ஆஸ்துமா குறைவாகவே வருகிறது என்பதை ஐஸ்லாந்தின் ஆய்வாளர்கள் கண்டார்கள். டிஎஸ்எல்பியைத் தடுக்கும் டெசெபெலுமாப் என்ற ஊசிமருந்து 2021இல் அமெரிக்காவில் கடுமையான ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்றது. யாருக்கு நோய் வரும் என்று சோதிடம் சொல்வதைவிட, நோய் எங்கே பிறக்கிறது என்று காட்டியதே இந்தத் துறையின் சாதனை என்று நான் கருதுகிறேன்.

உங்கள் குழந்தையைப் பொறுத்தவரை, எக்சிமாவை ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று விடாமல் தோல் மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ காட்டிக் கட்டுக்குள் வையுங்கள். கடலை, முட்டை ஆகியவற்றைத் தள்ளிப்போடாமல் கொடுப்பது பற்றி அவரிடமே கேளுங்கள். எக்சிமா கடுமையாக இருந்தால் முதல் முறை அவருடைய ஆலோசனையின்றிக் கொடுக்கக் கூடாது, கடலையை முழுதாகக் கொடுக்கவும் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும். சிகரெட் புகை, கொசுவத்திப் புகை இரண்டும் குழந்தை இருக்கும் அறைக்குள் வர வேண்டாம். உங்கள் இன்ஹேலரை நீங்கள் நிறுத்திவிடாதீர்கள். குழந்தைக்கு மூச்சு இரைத்தால், சளி பிடித்த நாள்களில் மட்டும் வருகிறதா, சளியில்லாத இரவுகளிலும் இருமல் எழுப்புகிறதா என்று தேதியோடு குறித்து வையுங்கள்; ஐந்து வயதுக்குள் இது ஆஸ்துமாதானா என்று முடிவு செய்ய மருத்துவருக்கு மிகவும் உதவுவது அந்தக் குறிப்புதான்.