லேத்தில் டூல் அதிர்கிறதா? போஸ்டை மாற்றும் முன் பேக்கிங்கைப் பாருங்கள்

கேள்வி: தேவகோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட், ரைஸ் மில் புல்லி வேலைகள்தான் அதிகம். நான்கு பக்க டூல் போஸ்டில் (டூலைப் பிடித்து நிறுத்தும் கட்டையில்) கடையும்போது வரிவரியாக அதிர்வுத் தடம் விழுகிறது. ஷாஃப்டை அறுத்துத் துண்டாக்கும் பார்ட்டிங் டூலும் அடிக்கடி ஒடிகிறது. டூலை ஹோல்டரோடு சட்டென்று மாற்றும் குவிக் சேஞ்ச் போஸ்ட் வாங்கினால் சரியாகுமா?

பதில்: அதை நம்பி இப்போதைக்குப் பணம் போட வேண்டாம். டூலை உயர்த்த அடியில் பேக்கிங்காக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். நம் பக்கப் பட்டறைகளில் பெரும்பாலும் ஹாக்ஸா பிளேடுத் துண்டுகள்தான். பல்லைத் தேய்த்து எடுக்காத துண்டு தட்டையாக உட்காராது. நாலைந்து அடுக்கினால் ஸ்பிரிங் மாதிரி அமுங்கும். போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அதிர்வு நிற்காது. டூல் அகலத்துக்குத் தட்டையான ஒரே பட்டை, தேவைப்பட்டால் மேலே ஒரு மெல்லிய தகடு, போதும். அது போஸ்டின் முன்விளிம்பு வரை வர வேண்டும். பாதியில் நின்றால் டூல் முனை கீழே வளையும்.

டூல் வெளியே நீள்வதும் முக்கியம். 20 மி.மீ. உயர டூல் என்றால் 20 முதல் 30 மி.மீ.க்கு மேல் நீட்டாதீர்கள். குறைந்தது இரண்டு போல்ட்டாவது பிடித்திருக்கட்டும். போஸ்டைத் திருப்பும்போதெல்லாம் அடியில் சிக்கிய இரும்புச் சுருளைத் துடைத்துவிடுங்கள்.

அப்புறம் உயரம். மெஷினை நிறுத்திவிட்டு, டூல் முனைக்கும் உருளை ஜாபுக்கும் (கடையும் பொருளுக்கும்) நடுவே ஒரு ஸ்டீல் ஸ்கேலை மெல்ல அழுத்துங்கள். நிமிர்ந்து நின்றால் டூல் சென்டரில், அதாவது ஜாபின் நடு உயரத்தில், இருக்கிறது. ஸ்கேலின் மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்வு. பார்ட்டிங் டூல் தாழ்ந்திருந்தால் ஜாப் அதன் மேல் ஏறும், பிளேடு ஒடியும். உங்கள் பிரச்சினைக்கு இதுவே காரணமாக இருக்கலாம். பிளேடு ஷாஃப்டுக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்கட்டும். ஜாபைப் பிடிக்கும் சக்குக்கு ஒட்டியே வெட்டுங்கள். டூல் போஸ்டைத் தாங்கி நகரும் கேரேஜை லாக் பண்ணுங்கள். மறுமுனையில் டெயில் ஸ்டாக் சென்டர் முட்டுக் கொடுத்த ஷாஃப்டை முழுதாக அறுக்கவே கூடாது. கடைசியில் வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்விவிடும்.

குவிக் சேஞ்ச் போஸ்ட் நல்ல சாமான்தான். ஹோல்டருக்கு ஹோல்டர் உயரம் வைத்துவிட்டால் பேக்கிங்கே வேண்டாம்; புல்லி வேலையில் டூல் மாற்றும் நேரம் மிச்சம். ஆனால் ஹோல்டர் போஸ்டுக்கு வெளியே தொங்குவதால் சின்ன லேத்தில் அதிர்வு கூடவும் செய்யும். மேலே சொன்னதைச் செய்து தடம் மறைந்த பிறகு, நேரம் மிச்சப்பட வேண்டுமென்றால், உங்கள் லேத்தின் சென்டர் உயரத்துக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள்.